சீக்கிரமே வயசுக்கு வர்ற குழந்தைக்கு ஊசியா, காத்திருப்பா?
பொண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடி, பையனுக்கு 9க்கு முன்னாடி பருவ மாற்றம் தெரிஞ்சா பெத்தவங்களுக்கு வர்ற பெரிய பயம் உயரம்தான், ஏன்னா இப்போ கிடுகிடுன்னு வளர்ற பிள்ளைக்கு எலும்பு சீக்கிரம் முதிர்ந்து வளர்ச்சித் தட்டு (எலும்பு நுனியில நீளம் கூடுற இடம்) மூடிக்கும், அப்புறம் குள்ளமா நின்னுடும்.

பருவ ஹார்மோனை அடக்குற லியூப்ரோலைட் மாதிரி ஊசி மாசத்துக்கு ஒண்ணோ மூணு மாசத்துக்கு ஒண்ணோ போட்டா பருவம் அப்படியே நிக்கும். வளர்ற வேகம் குறையும், பயப்படாதீங்க, எலும்புக்கு டைம் கிடைக்குது. 6 வயசுக்குள்ள பருவம் ஆரம்பிச்ச பிள்ளைன்னா ஊசியால உயரத்துல நல்ல பலன்.

8 வயசை ஒட்டி மெதுவா ஆரம்பிச்ச பொண்ணுன்னா ஊசியால உயரம் பெருசா கூடாது, நான் காத்திருக்கறதையே சொல்வேன், ஆனா சும்மா இல்ல, சில மாசத்துக்கு ஒருதரம் உயரம் அளந்து, டாக்டர் சொல்றப்போ எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்குன்னு காட்டுற எலும்பு வயசு எக்ஸ்ரேயும் எடுக்கணும். பையன்னா இதுக்கு மூளையில காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால மூளை ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க.