விண்டோஸ் இன்சைடர் திட்டம்: டிரைவர் கோளாறு பார்ப்பவரின் மதிப்புரை

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 செப்டம்பர் 30 அன்று அறிவித்த விண்டோஸ் இன்சைடர் திட்டம், இன்னும் வெளியிடப்படாத விண்டோஸ் பதிப்புகளை விரும்புகிற எவரும் தம் கணினியில் நிறுவிச் சோதித்துப் பார்க்க இடமளிக்கும் இலவசச் சேவை. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புதிய பட்டன் எங்கே வந்தது, தொடக்கப் பட்டியலின் வடிவம் எப்படி மாறியது என்பதையே எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. சோதனைப் பதிப்பு என்றால் கோளாறு வரத்தான் செய்யும். வந்த கோளாற்றைக் கண்டுபிடிக்கவும், சரிசெய்யவும், முடியாதபோது சேதமின்றிப் பின்வாங்கவும் இச்சேவை எந்த அளவுக்குத் துணைநிற்கிறது என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலில் பின்வாங்கும் வழி பரவாயில்லை, கண்டறியும் கருவிகள் மிக நன்று, புகார் சொல்லும் வழி மட்டும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தேறவில்லை.

சேரும்போதே ஒரு தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்று சேனல்கள், அதாவது பதிப்புகள் வந்துசேரும் தடங்கள், உண்டு. இவற்றில் கேனரி 2023 மார்ச்சில் சேர்க்கப்பட்டது. கேனரிக்கு வருபவை ஏறக்குறைய அன்றாடம் உருவாகும் பதிப்புகள் என்பதால், அதில் ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்றால் பிழை விண்டோஸின் கருவான கெர்னலில் இருக்கிறதா, சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலான டிரைவரில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதே பெரும்பாடு. ரிலீஸ் பிரிவியூ அதற்கு நேரெதிர். அங்கு வரும் பதிப்பு சில வாரங்களில் எல்லோருக்கும் போகப்போவது. ஆகவே அங்கு ஒரு பிரிண்டரோ ஒலி அட்டையோ முரண்டு பிடித்தால், வெளியீட்டுக்குப் பிறகும் அது முரண்டு பிடிக்கும் என்று ஓரளவு உறுதியாகக் கருதலாம். அலுவலகத்தில் பல கணினிகளைப் பராமரிப்பவருக்கு உண்மையில் பயன்படும் சேனல் அதுதான். புதுமைக்காக எல்லோரும் ஓடுவது கேனரிக்கும் டெவ்வுக்கும்.

டிரைவர்கள் ஏன் முதலில் அடிவாங்குகின்றன என்பதற்குக் காரணம் எளியது. சாதாரண மென்பொருள் இயங்குதளத்தின் வெளிவாசலில் நின்று, ஆவணப்படுத்தப்பட்ட அழைப்புகள் வழியாக வேலை வாங்கிக்கொள்கிறது. அது விழுந்தால் அது மட்டுமே விழும். டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால், ஒரு தவறான நினைவக முகவரியைத் தொட்டாலே முழுக் கணினியும் நின்றுபோகிறது. அதிலும், ஆவணப்படுத்தப்படாத உள்ளமைப்புகளை நம்பி எழுதப்பட்ட டிரைவர்கள், கெர்னலில் சிறு மாற்றம் வந்தாலும் உடைகின்றன. 2019 மே மாத வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. விளையாட்டுகளில் ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள்கள் கெர்னலில் ஒரு டிரைவரை வைத்திருப்பவை. அவற்றைப் பயன்படுத்தும் விளையாட்டைத் திறந்த உடனே கணினி விழுந்தது. அந்தப் பிழை மாதக்கணக்கில் அறியப்பட்ட கோளாறுகளின் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தது, ஏனெனில் திருத்த வேண்டிய நிரல் மைக்ரோசாஃப்டின் கையில் இல்லை.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்: புதிய பதிப்பு வரும்போது வெளியாகும் அறிவிப்பின் அடியில் இருக்கும் "அறியப்பட்ட கோளாறுகள்" பகுதிதான் இந்தச் சேவையின் ஆகச் சிறந்த ஆவணம். பலர் அதைப் படிக்காமல் நிறுவிவிட்டு, அதில் தெளிவாக எழுதியிருக்கும் கோளாற்றோடு இரவு முழுக்கப் போராடுகிறார்கள்.

கணினி விழும்போது தெரியும் திரை இன்சைடர் பதிப்புகளில் பச்சை நிறம். 2016 இறுதியில் இந்த மாற்றம் வந்தது. சோதனைப் பதிப்பின் வீழ்ச்சியையும் வெளியான பதிப்பின் வீழ்ச்சியையும், யாரோ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய உதவும் எளிய ஏற்பாடு. ஆனால் அந்தத் திரையில் வரும் பிழைப்பெயரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்" என்று வந்தால், ஏதோ ஒரு டிரைவர் தான் தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். பல வேளைகளில் கோப்பின் பெயரையும் திரையே காட்டிவிடும். "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை. அதற்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் 2 விநாடிகள். அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரை மீட்டமைக்கப் பார்க்கிறது, அதுவும் கைகூடாதபோதுதான் இந்தத் திரை எழுகிறது. திரை உறைந்து நிற்கும்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) என்ற விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீட்டமைக்கப்படும். மின்விசையை அழுத்திப் பிடிப்பதற்கு முன் இதை ஒருமுறை முயல்வது நல்லது.

நான் சோதனைக்கென ஒதுக்கிவைத்திருக்கும் மடிக்கணினியில் வந்த ஒரு கோளாற்றைச் சொன்னால் கருவிகளின் தரம் விளங்கும். உறக்கநிலையிலிருந்து எழுந்தால் வைஃபை காணாமற்போய்விடும். சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 10 என்ற குறியீடும் நிற்கும். அந்தக் குறியீடு "சாதனத்தைத் தொடங்க முடியவில்லை" என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. 28 என்றால் டிரைவரே இல்லை, 43 என்றால் சாதனம் தானே கோளாற்றை அறிவித்திருக்கிறது, 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. இவையெல்லாம் வழிகாட்டும் குறியீடுகள். 10 அப்படிப்பட்டது இல்லை. ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் ஐஎன்எஃப் என்ற உட்கோப்புறையில் இருக்கும் சாதன நிறுவல் பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. நீளமும் வறட்சியும் உள்ள கோப்பு, என்றாலும் எந்த டிரைவர் எந்த நேரத்தில் எங்கிருந்து வந்து அமர்ந்தது என்பதை அது மறைப்பதே இல்லை. புதிய சோதனைப் பதிப்பு நிறுவப்பட்ட பிறகு, விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு புதிய வைஃபை டிரைவரைக் கொண்டுவந்து போட்டிருந்தது தெரிந்தது. கணினியின் கோளாறுகளை நாள்வாரியாகக் காட்டும் ரிலையபிலிட்டி மானிட்டரின் வரைபடத்தில் அதே நாளிலிருந்து சிவப்புப் புள்ளிகள் தொடங்கியிருந்தன. டிவைஸ் மேனேஜரில் "ரோல் பேக்" செய்து பழைய டிரைவருக்குத் திரும்பியதும் கோளாறு நின்றது. புதுப்பிப்புகளோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று குரூப் பாலிசி என்ற விண்டோஸ் விதியமைப்பில் கட்டுப்படுத்தும் வசதி ப்ரோ பதிப்பில் உண்டு, அதையும் செய்துவைத்தேன். இயங்குதளத்தைக் குறைசொல்லிப் புகார் எழுத உட்கார்ந்திருந்தால், பிழை இல்லாத இடத்தைப் பற்றிய புகாராக அது போயிருக்கும்.

கவனிக்க வேண்டியது, இக்கருவிகளில் எதுவும் இன்சைடர் திட்டத்துக்காக உருவானதில்லை. ரிலையபிலிட்டி மானிட்டர் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. நிறுவிய டிரைவர்களைப் பட்டியலிடவும் வேறோர் இடத்துக்கு நகலெடுக்கவும் உதவும் பிஎன்பியூட்டில் என்ற கட்டளைக் கருவியும் பழையதுதான். சோதனைப் பதிப்பை நிறுவும் முன் அந்தக் கட்டளையால் எல்லா டிரைவர்களையும் ஒரு யுஎஸ்பியில் ஏற்றுமதி செய்துகொள்வது என் முதல் வேலை, ஏனெனில் வைஃபை டிரைவரே போய்விட்டால் வைஃபை டிரைவரை எங்கிருந்து தரவிறக்குவது?

வீழ்ச்சி அடிக்கடி நேர்ந்து, காரணமும் தெரியாதபோது அடுத்த படி மினிடம்ப் கோப்பை, அதாவது வீழ்ந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் சுருக்கப் பதிவை, படிப்பது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டிபிஜி என்ற கருவி அந்தக் கோப்பைத் திறந்து, பகுப்பாய்வுக் கட்டளை ஒன்றின் மூலம் குற்றவாளி என்று ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டுகிறது. இங்கே எச்சரிக்கை தேவை. அது சுட்டும் பெயர் பல நேரங்களில் கெர்னலின் பெயராகவே இருக்கும். வேறொரு டிரைவர் எப்போதோ கெடுத்துவைத்த நினைவகத்தில் கெர்னல் கால்வைத்து விழுந்திருக்கும். அப்போதுதான் டிரைவர் வெரிஃபையர் தேவைப்படுகிறது. தேர்ந்தெடுத்த டிரைவர்களை அது கடும் கண்காணிப்பில் வைத்து, விதிமீறல் நடந்த கணமே கணினியை நிறுத்திவிடுகிறது. பிறகு கிடைக்கும் மினிடம்பில் உண்மையான பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் அல்லாத நிறுவனங்களின் டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பதே முறை. தொடக்கத்திலேயே ஓடும் டிரைவர் ஒன்று மாட்டிக்கொண்டால் கணினி மீண்டும் மீண்டும் விழுந்து எழும். அவசியமான டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து வெரிஃபையரை அணைக்கத் தெரியாதவர் இதைத் தொடவே கூடாது. சேஃப் மோடுக்குப் போகும் வழியில், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் தன் மீட்புச் சாவியைக் கேட்கலாம் என்பதால், அதை முன்பே வேறிடத்தில் குறித்துவைப்பதும் அவசியம்.

டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் பிழை வரும் வேறொரு வகை உண்டு. இன்சைடர்களைக் குழப்புவதில் இதற்கு இணை இல்லை. ஒரே எண்ணுள்ள பதிப்பை நிறுவிய இருவரின் கணினியில் ஒரே வசதிகள் இருக்கும் என்று நம்ப முடியாது, ஏனெனில் புதியவற்றைப் படிப்படியாகச் சிலருக்கு மட்டும் சர்வரிலிருந்து இயக்கிவிடுவது இன்றைய நடைமுறை. "எனக்கு அப்படி வரவில்லையே" என்ற பதிலுக்கு இதனால் பொருளே இல்லாமல் போகிறது. 2021 செப்டம்பர் 2 அன்று விண்டோஸ் 11 சோதனையாளர்களில் பலருக்குத் தொடக்கப் பட்டியலும் டாஸ்க்பாரும் செயலற்றுப்போயின. அவர்கள் எதையும் புதிதாக நிறுவியிருக்கவில்லை, டிரைவர் எதுவும் மாறவில்லை. சர்வரிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு செய்தித் தரவே காரணம். டாஸ்க் மேனேஜர் வழியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஐரிஸ்சர்வீஸ் என்ற சாவியை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்யும்படி மைக்ரோசாஃப்ட் அன்றைக்கே வழி சொன்னது. தீர்வு விரைவாக வந்ததைப் பாராட்டலாம். டாஸ்க்பாரின் உயிர் ஒரு விளம்பரச் செய்தியோடு கட்டப்பட்டிருந்ததை எப்படிப் பாராட்டுவது?

இனி புகார் வழி. ஃபீட்பேக் ஹப் என்ற செயலியை விண்டோஸ் விசையோடு எஃப் விசையை அழுத்தித் திறக்கலாம். திரைப்பிடிப்பு தானாகச் சேரும், பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டி அதன் பதிவுகளை இணைக்கவும் முடியும். செயலியின் அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, எழுதியதை யார் படிக்கிறார்கள் என்பதில். ஒரே கோளாற்றை எத்தனை பேர் ஆதரித்து வாக்களித்தார்கள் என்பது முன்னுரிமைக்கு அடிப்படையாகும்போது, சிலருக்கு மட்டும் வரும் பெருங்கேடு பலருக்கு வரும் சிறு எரிச்சலுக்குப் பின்னால் போய்விடுகிறது. 2018 அக்டோபரில் இது வெட்டவெளிச்சமானது. அந்த மாதம் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சில பயனர்களின் ஆவணங்களை அழித்தது. கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றியமைத்திருந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வெளியீட்டை நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டார்கள். வெளியீட்டுக்கு முன்பே ஃபீட்பேக் ஹப்பில் சிலர் இதைத் தெரிவித்திருந்தார்கள், வாக்குகள் குறைவாக இருந்ததால் அவை கவனம் பெறவில்லை. அந்தப் பதிப்பு ரிலீஸ் பிரிவியூ வழியாகப் போகாமலேயே வெளியானதும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு, புகாரின் தீவிரத்தைக் குறிப்பிடும் வசதியைச் செயலியில் சேர்த்தார்கள். தேவையான திருத்தம்தான், ஆனால் அனுப்பிய புகாருக்குப் பதில் என்று ஒன்று வராத நிலையே பொது அனுபவமாக நீடிக்கிறது. நான் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை "கிடைத்தது" என்ற நிலையைத் தாண்டியதில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனி அக்கறை இருக்கலாம். 2019 மே வெளியீட்டில் எல்லோருக்கும் வந்த தமிழ் ஒலியியல் விசைப்பலகை, 2018 பிற்பகுதியில் இன்சைடர் பதிப்புகளில்தான் முதலில் தலைகாட்டியது. வாக்கு எண்ணிக்கையை நம்பும் அமைப்பில் தமிழ் உள்ளீட்டுப் பிழைக்கு என்றைக்கும் பெருங்கூட்டம் சேராது. ஆகவே அதைப் புகாரளிப்பவர், எந்தச் செயலியில், எந்த எழுத்துரு வைத்து, எந்த விசை வரிசையில் அழுத்தியபோது பிழை வந்தது என்பதைப் படிப்படியாக எழுதி அனுப்பினால்தான் கொஞ்சமாவது பொருட்படுத்தப்படும்.

பணச் செலவு இல்லை என்றாலும் வேறு விலைகள் உண்டு. விருப்பக் கண்டறிதல் தரவுகளை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாமல் பதிப்புகள் கிடைக்காது. ஒவ்வொரு பெரிய பதிப்பும் சில ஜிபி தரவை விழுங்கும். கைப்பேசி இணைப்பை நம்பியிருப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பின்வாங்கும் வழியைப் பொறுத்தவரை, புதிய பதிப்பை நிறுவிய 10 நாட்களுக்குள் முந்தையதற்குத் திரும்பலாம். இந்தக் கெடுவை டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியால் 60 நாள்வரை நீட்டிக்க முடியும். ஆனால் 10 நாள் முடியும் முன்பே அதைச் செய்ய வேண்டும், இடம் போதவில்லை என்று, முந்தைய பதிப்பு இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை அழித்தவருக்கு அந்த வழியும் இல்லை. பீட்டாவிலும் ரிலீஸ் பிரிவியூவிலும் இருப்பவர்கள், அடுத்த பதிப்பு முறையாக வெளியாகும்போது விலகும்படி அமைத்துவிட்டு, கோப்புகளை இழக்காமல் வெளியே வந்துவிடலாம். கேனரியிலிருந்து வெளியேற எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும். எனவே ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு ரிலீஸ் பிரிவியூவுக்கு மேல் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது கணினி இருந்து, டிரைவர் பதிவுகளைப் படிப்பதில் அலுப்பில்லாதவர் பீட்டாவில் சேரலாம். எந்தச் சேனலானாலும் சோதனைப் பதிப்புகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. தொடக்கப் பட்டியலில் வின்வெர் (winver) என்று தட்டினால் அந்தத் தேதி தெரியும். புதுப்பிக்காமல் அதைத் தாண்டவிட்ட கணினி சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே மறுதொடக்கம் ஆகத் தொடங்கி, இறுதியில் தொடங்கவே மறுத்துவிடலாம்.