துபாயில் பிரைமவேரா மாலை வகுப்பு: சைட்டிலிருந்து பிளானிங்குக்கு மாற நினைப்பவர்களுக்கு

கராமாவில் ஒரு பயிற்சி நிலையத்தில், கட்டுமான வேலைகளுக்குக் கால அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேரா பி6 வகுப்பு முடித்திருக்கிறேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. கராமா, தேரா, பர் துபாய் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பாடத்தை நடத்தும் இடங்கள் இருக்கின்றன, பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சிவில் முடித்து வளைகுடாவுக்கு வந்தவர்களில் பலர் சைட் இன்ஜினியராகவே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறோம். வேலை தெரியும், ஆட்களை நடத்தத் தெரியும், ஆனால் பிராஜெக்ட் மேனேஜர் இடத்துக்குப் பேச்சு வரும்போது நம் பெயர் வருவதில்லை. நான் பார்த்தவரையில் அங்கே போனவர்கள் பிளானிங்கையோ, அளவும் செலவும் கணக்குப் பார்க்கும் கியூ.எஸ். வேலையையோ கொஞ்ச காலமாவது தொட்டவர்கள். தேதியும் பணமும் ஒப்பந்தமும் அங்கேதான் பேசப்படுகின்றன. அதனால்தான் சேர்ந்தேன்.

பி6, ஆரக்கிள் 2008-ல் வாங்கிய மென்பொருள். திரையைப் பார்த்தால் பழசாகத்தான் தெரியும். இருந்தாலும் இங்கே பெரிய வேலைகளில் கன்சல்டன்ட் புரோகிராமை, அதாவது வேலை அட்டவணையை, பி6-ன் சொந்த வடிவமான எக்ஸ்.இ.ஆர் கோப்பாகவே கேட்கிறார், எக்செல்லில் கோடு போட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

சொல்லித்தந்தவர் சைட்டில் நின்றவர், அது பெரிய பலம். முதல் வகுப்பில் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. ஒரு மாடி ஸ்லாப்பை எடுத்துக்கொண்டு ஷட்டரிங், அடிக்கம்பி, எம்.இ.பி (மின்சாரம், ஏசி, பிளம்பிங்) பைப்பும் ஸ்லீவும், மேல்கம்பி, இன்ஸ்பெக்‌ஷன், கான்கிரீட் என்று போர்டில் எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அடிக்கம்பி முழுக்க முடிந்த பிறகுதான் எலக்ட்ரிக்கல் என்று ஒருவர் சொன்னதும், உங்கள் ஃபோர்மேன் அப்படியா காத்திருக்கிறார், கம்பி கட்டி முடித்த பாதியில் எலக்ட்ரீஷியன் பைப் போட இறங்கியிருப்பானே என்றார். ஒரு வேலை தொடங்கியதை வைத்து அடுத்ததைத் தொடங்கும் ஸ்டார்ட் டு ஸ்டார்ட்டும், நடுவில் விடும் இடைவெளியான லேக்கும் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கின. யூடியூபில் எத்தனையோ வீடியோ பார்த்தும் வராதது அது.

காலண்டர் பாடமும் அருமை. பி6-ல் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் என்று பொதுவாக வைத்துவிட்டு, வேலைக்கு 10 மணி நேரக் காலண்டரைக் கொடுத்தால், 5 நாள் என்று நீங்கள் போட்ட வேலையை அது 40 மணி நேரமாக எடுத்துக்கொண்டு 4 நாளில் முடித்துவிடும். திரையில் 5 என்றே காட்டும், தேதி மட்டும் இடிக்கும். இப்படி நூறு வேலை சேர்ந்தால், முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரான கிரிட்டிக்கல் பாத்தே வேறு வழியில் போய்விடும். இதை அவர் செய்து காட்டினார், எங்களையும் செய்ய வைத்தார்.

இனி குறை. பயிற்சிக்குக் கொடுத்த மாதிரிப் புராஜெக்ட் எங்கோ வெளியிலிருந்து எடுத்தது. சனி ஞாயிறு விடுமுறை, வருடம் முழுக்க ஒரே வேலை நேரம். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம், ரமலான் மாதத்தில் வேலை நேரம் இரண்டு மணி நேரம் குறையும். இவை இல்லாத பேஸ்லைன், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மூல அட்டவணை, துபாயில் எதற்கு உதவும்? நான் கேட்டேன். அடுத்த வாரம் கோடைக்குத் தனிக் காலண்டர் போடக் காட்டினார், ஆனால் பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டிய விஷயம் அது.

கடைசி இரண்டு வகுப்புகள் டிலேயும் கிளெய்மும், அதாவது வேலைத் தாமதமும் அதற்காக ஒப்பந்தப்படி உரிமை கோருவதும். கட்டிய பணம் எனக்கு இங்கேதான் வசூலானது. கட்டுமான வேலைகளுக்கான சர்வதேச ஒப்பந்த மாதிரியான 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தை வைத்து நடத்தினார். டிராயிங் தாமதமாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்த 28 நாளுக்குள் அதன் 20.1 பிரிவின்படி நோட்டீஸ் போகவில்லை என்றால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கால நீட்டிப்பு கேட்கும் உரிமை போய்விடும். சைட்டில் இருக்கும் நமக்குத்தான் தாமதம் முதலில் தெரிகிறது, நாம் டெய்லி ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரியில் தேதியும் இடமும் காத்திருந்த ஆட்கள் எண்ணிக்கையும் இருந்தால் கிளெய்முக்கு அதுதான் முதல் சாட்சி. இப்போது என் ரிப்போர்ட்டை அப்படித்தான் எழுதுகிறேன், எங்கள் பிளானிங் மேனேஜரே கூப்பிட்டு விவரம் கேட்கிறார்.

அப்புறம் விளம்பரம். வேலை வாங்கித் தருவோம் என்று போட்டிருந்தார்கள். நடந்தது சி.வி.யை வாங்கி ஒரு குழுவில் போட்டது மட்டுமே. விசிட் விசாவில் வந்து, ஊரில் நகையை அடகு வைத்த காசில் இந்த வகுப்பில் சேர்ந்த தம்பிகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மனசு கேட்காமல் சொல்கிறேன், சைட் அனுபவமே இல்லாமல் இதில் பணம் போடாதீர்கள். ஒரு ஸ்லாப்புக்கு எத்தனை கார்பென்டர், எத்தனை நாள் என்று கண்ணால் பார்க்காதவருக்கு மென்பொருள் எதையும் சொல்லித்தராது. அந்தக் காசில் முதலில் டிகிரி அட்டெஸ்டேஷனை முடியுங்கள். அது இல்லாமல் இன்ஜினியர் வேலைக்குப் போனால் விசா நேரத்தில் சிக்கல்தான். இரண்டு மூன்று வருடம் சைட் பார்த்தவர்கள் தாராளமாகச் சேரலாம்.

சான்றிதழ் பற்றியும் ஒன்று. நிலையம் கொடுப்பது வகுப்புக்கு வந்ததற்கான சான்றிதழ், ஆரக்கிள் நடத்தும் தேர்வு வேறு. இதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். நிலையத்துக்கு, துபாயில் கல்வி நிலையங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ-வின் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேர்வதானால் உங்கள் சைட்டில் எடுத்த அளவுகளை, ஒரு மாடிக்கு உண்மையில் ஆன நாட்களைக் குறித்து எடுத்துப் போங்கள், கம்பெனியின் கோப்பு வேண்டாம். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார விடுவார்களா, டிலே வகுப்புகள் கட்டணத்துக்குள்ளேயே வருகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். எனக்குப் பின்னால் வந்த பேட்சுக்கு அவை தனிக் கட்டணமாம்.