வீட்டுக் கடன் நோட்டீஸ் வந்திருக்கிறதா? "ஏலத்தை நிறுத்தித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டுக் கடன் தவணை நின்றுபோய், கடன் கொடுத்த இடத்திலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். நோட்டீஸ் வந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஏமாற்றுவதையே தொழிலாக வைத்து ஒரு கூட்டம் திரிகிறது. லோன் செட்டில்மென்ட், ஏலத் தடை, பாதித் தொகையில் கடன் முடிப்பு என்று விதவிதமாக விளம்பரம் செய்கிறார்கள். எங்களிடம் 83,000 ரூபாய் வாங்கினார்கள். அதைவிட மோசம், சட்டம் எங்களுக்குக் கொடுத்திருந்த நாட்களை வீணடித்தார்கள். பணத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம், அந்த நாட்கள் திரும்ப வராது.

எங்கள் வீடு திருப்பூரில். அப்பா சின்னதாக ஒரு பவர் டேபிள் நடத்துகிறார். கம்பெனிகளிடமிருந்து துணியை வாங்கி ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் யூனிட். 2018-ல் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் 22 லட்சம் வாங்கி வீடு கட்டினோம். இருபது வருடக் கடன், மாதத் தவணை இருபதாயிரத்து ஐநூறு. நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பதால் கடனில் எனக்கும் பங்கு உண்டு. போன வருடத்துக்கு முந்தின வருடம் வேலை குறைந்தது, தைத்துக் கொடுத்ததற்கு வர வேண்டிய பணமும் இழுத்தடித்தது. தொடர்ந்து நான்கு தவணை நின்றுவிட்டது. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் கடன் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அதன் பிறகுதான் சர்ஃபேசி சட்டம் வருகிறது. 2002-ம் வருடச் சட்டம் அது. கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கும் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் அதிகாரம் கொடுக்கிறது.

அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. அதைப் படிக்கும் எவருக்கும் கை நடுங்கும். நான்கு தவணை பாக்கி என்று அதில் இருக்காது. முழுக் கடனும், எங்கள் விஷயத்தில் 19 லட்சத்துச் சொச்சம், 60 நாளில் கட்டு, இல்லாவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுப்போம், அதாவது எங்கள் கைவசம் எடுத்துக்கொள்வோம் என்று இருக்கும். பத்தொன்பது லட்சத்துக்கு எங்கே போவது? இந்தப் பயத்தைத்தான் அந்தக் கூட்டம் காசாக்குகிறது. உண்மையில் நின்றுபோன தவணைகளை வட்டி, அபராதத்தோடு முழுசாகக் கட்டிவிட்டால் கணக்கைப் பழையபடி ஒழுங்கான கணக்காக மாற்ற ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுக்கிறது. நோட்டீஸ் கட்டத்தில் பாக்கியைக் கொண்டுபோய்க் கட்டினால் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு எங்கள் பாக்கி, நான்கு தவணைக்கு 82,000, அதோடு அபராதமும் செக் திரும்பியதற்கான கட்டணமும். அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் கொடுத்த தொகையோடு இதை வைத்துப் பாருங்கள். அதே பணத்தில் கிட்டத்தட்ட கடன் பாக்கியே தீர்ந்திருக்கும்.

ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அப்பா போன் செய்தார். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார் ஒருவர். வெள்ளைச் சட்டை, கையில் வக்கீல் ஆபீஸ் ஃபைல். அப்பாவை அண்ணா என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பேசினார். "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணா. உங்க வீட்டை யாரும் தொட முடியாதுங்க. நாங்க சொல்றதை மட்டும் செய்ங்க போதும்." அவர் சொன்னது மூன்று விஷயம். இனிமேல் தவணை கட்டக் கூடாது, கட்டினால் கடனை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கிளைக்குப் போகக் கூடாது, போனையும் எடுக்கக் கூடாது. நோட்டீஸுக்கு நாமாகப் பதில் எழுதக் கூடாது, அவர்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மூன்றுமே நம்மை அழிக்கிற யோசனைகள். தவணைக் கடனுக்கு நாம் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம், பத்திரத்தை அவர்களிடம் ஒப்படைத்துப் பதிவும் செய்திருக்கிறோம். புதிதாக ஒத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் பாக்கியைத்தான் குறைக்கும். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது 13(3ஏ) பிரிவு நமக்குக் கொடுத்திருக்கும் உரிமை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். தொகை தப்பு, கட்டியதை வரவு வைக்கவில்லை, இத்தனை மாதத்தில் பாக்கியைக் கட்டுகிறேன் என்று எதுவானாலும் எழுதலாம். வக்கீல் எழுதினால் நல்லது, நாமே எழுதினாலும் செல்லும். எங்கள் சார்பில் அந்த ஆட்கள் ஒரு வரி கூட அனுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் பதிவுக் கட்டணம் என்று 18,000. அப்புறம் "கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ் சேர்த்து" 65,000, ரொக்கமாக. ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, ஏலம், தடை என்ற சொல்லே கிடையாது. இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்ஃபேசி நடவடிக்கையை எதிர்த்துப் போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், டிஆர்டி என்பார்கள். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கிறது. கடன் 20 லட்சம் என்றால் கடன் வாங்கியவர் அங்கே கட்ட வேண்டிய கோர்ட் ஃபீஸ் 7,500 ரூபாய்தான். வக்கீல் ஃபீஸ் தனி, அது வக்கீலைப் பொறுத்தது. ஆனால் அதை வக்கீலிடம் நேராகக் கொடுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது வக்கீலின் முகத்தையே காட்டாத எந்த இடைத்தரகரையும் நம்பாதீர்கள்.

60 நாள் முடிந்தது. ஒரு காலையில் இரண்டு பேர் வந்து கேட் தூணில் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குள் தமிழ்ப் பேப்பர் ஒன்றிலும் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றிலும் அப்பா பெயர், என் பெயர், வீட்டு அளவு எல்லாம் வந்துவிட்டது. அம்மா அன்றைக்குக் கடைக்குக் கூடப் போகவில்லை. அந்த ஆளுக்குப் போன் செய்தால், "அது சிம்பாலிக்தானுங்க, பேருக்கு ஒட்டறது. ஸ்டே வாங்கியாச்சு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அப்படி ஒட்டுவது காகித அளவிலான சுவாதீனம்தான், நாம் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமென்றால் 14-ம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதிபதியிடமோ போய்க் கடன் கொடுத்தவர்கள் உத்தரவு வாங்க வேண்டும். அவர் மறைத்த பாதி இதுதான்: அந்த நடவடிக்கையை எதிர்த்து 17-ம் பிரிவில் டிஆர்டிக்குப் போக நமக்கு இருப்பது 45 நாள். ஒட்டிய நாளிலிருந்து அது ஓட ஆரம்பித்துவிடும். பேருக்குத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நம்ப வைத்தே அந்த 45 நாளையும் தாண்ட வைத்துவிடுகிறார்கள்.

ஸ்டே காப்பி கேட்டு நான் விடாமல் நச்சரித்த பிறகு வாட்ஸ்அப்பில் சில பக்கங்கள் வந்தன. கூடவே புது யோசனை ஒன்றும். அவருடைய நண்பர் ஒருவர் பெயருக்கு அப்பா பவர் பத்திரம், அதாவது வீட்டை விற்கும் அதிகாரம், எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நண்பர் கடனை அடைத்துவிடுவாராம், நாங்கள் வாடகைக்கு இருந்துகொண்டே இரண்டு வருடத்தில் வீட்டைத் திருப்பி எழுதி வாங்கிக்கொள்ளலாமாம். முத்திரைத்தாள் கூட வாங்கி வைத்திருந்தார். அந்தப் பக்கங்களையும் முத்திரைத்தாளின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் டிஆர்டி வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "ஓ.எஸ். நம்பர்" என்று அச்சாகியிருந்த இடத்தில் ஒரு கோடும் வருடமும் மட்டும் இருந்தன. நம்பரே இல்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது வக்கீல் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப், கோர்ட் முத்திரை இல்லை. "இது தாக்கலே ஆகலைம்மா. ஆகியிருந்தாலும் நிக்காது" என்றார். சர்ஃபேசி சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, டிஆர்டி விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிட முடியாது, தடையும் கொடுக்க முடியாது. ஓ.எஸ். என்பது சிவில் வழக்கு. டிஆர்டியில் நாம் போடுவதற்கு எஸ்.ஏ. என்று நம்பர் வரும். ஆக, யாராவது உங்களுக்கு ஸ்டே வாங்கிவிட்டதாகச் சொன்னால் எஸ்.ஏ. நம்பரைக் கேளுங்கள். டிஆர்டி இணையதளத்தில் போட்டால் வழக்கு இருக்கிறதா இல்லையா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பவர் விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று 13(13) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. போதாததற்கு வில்லங்கச் சான்று போட்டாலே நாம் பத்திரத்தை ஒப்படைத்துப் பதிவு செய்த விவரம் வந்துவிடும். அப்படி இருக்கும்போது அந்தப் பவரை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? நம் கையெழுத்தைக் காட்டி இன்னொரு அப்பாவியிடம் அட்வான்ஸ் வாங்குவார்கள். போலீஸ் நம்மைத் தேடி வரும். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வராததற்குக் காரணம் 83,000 இல்லை, அந்த முத்திரைத்தாள்தான்.

45 நாள் முடியச் சில நாட்களே இருந்த நிலையில் எஸ்.ஏ. தாக்கல் ஆனது. ஒரு தொகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பாயம் மேல்நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. அம்மாவின் நகையை அடகு வைத்து, அப்பா மெஷின்கள் சிலவற்றை விற்று, பாக்கி முழுவதையும் கட்டினோம். அதற்குள் தவணைகளோடு பேப்பர் விளம்பரச் செலவு, மதிப்பீட்டாளர் செலவு, அவர்கள் வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. கணக்கு ஒழுங்கானது, வீடு இருக்கிறது. கிளையில் இருந்த அதிகாரி, "நீங்க முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே வந்திருந்தா தவணைக் காலத்தை நீட்டி, தொகையைக் குறைச்சுக் கொடுத்திருக்கலாம் மேடம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை அந்த நிறுவனமும் அப்போதே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும். அனுப்பியதெல்லாம் மிரட்டல். வசூல் ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் போன் செய்தார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. உங்களுக்கும் அப்படி நடந்தால் போன் பட்டியலைப் படம் எடுத்து முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், வீட்டுக் கடன் நிறுவனமென்றால் தேசிய வீட்டுவசதி வங்கி. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

தவணை எவ்வளவு முயன்றாலும் கட்ட முடியாது என்று தெரிந்துவிட்டால், நாமே வீட்டை விற்பது ஏலத்தைவிட எவ்வளவோ மேல். கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, வாங்குபவரின் பணத்தை நேராகக் கடனுக்குக் கட்ட வைத்து, மீதியை நாம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏல அறிவிப்பு பேப்பரில் வருவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. "ஏலத்தன்னிக்குக் காலைல கட்டினாப் போதுங்க" என்று சொல்லும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஏலமே நடந்துவிட்டாலும், கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம், 13(7) பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த ஆள் மீது குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இதுவரை வரவில்லை. அவருடைய விளம்பரம் வேறு பெயரில், வேறு போன் நம்பரோடு மறுபடி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்கள் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. என்னைப் போல மனைவியோ மகளோ கடனில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். போகும்போது நோட்டீஸோடு அது வந்த தபால் கவரையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை வைத்துத்தான் நாள் கணக்கு, வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.