தோட்டத்தோடு இணைந்த ஹால் என்று படம் காட்டுகிறார்களா? காட்பாடியில் எங்களுக்கு நேர்ந்தது

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சொந்த வீடு கட்ட முனைபவர்களுக்கு இப்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள்: ஹாலுக்கும் தோட்டத்துக்கும் இடையே சுவர் இராது, அந்த இடத்தில் 14 அடி அகலத்துக்குக் கண்ணாடி ஸ்லைடிங் கதவு நிற்கும், உள்ளே பதித்த டைல்ஸே படி எதுவும் இல்லாமல் வெளியேயும் தொடரும். அப்படியொரு வீட்டைக் காட்பாடியில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த நிறுவனத்தோடு விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போயிருப்பதால் பெயரைத் தவிர்த்து, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மனையில் தோட்டத்துக்கு இடமிருப்பது மேற்கே. பிளான் போடும்போதே என் அப்பா, "மேற்குப் பார்த்து இவ்வளவு கண்ணாடியா?" என்று கேட்டார். "சன்ஷேட் இருக்குங்க ஐயா, வெயில் உள்ள வராது" என்றார்கள். மே மாதம் மாலை 4 மணிக்கு இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தச் சாய்வில் 2 அடி சன்ஷேட், 8 அடி உயரக் கண்ணாடியின் மேற்புறத்தில் ஒன்றரை அடியைத்தான் மறைக்கும், நேரம் ஆக ஆக அதுவும் குறையும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வீடு வடிவமைப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முறையிட்டபோது, "ரெண்டு டன் ஏசி ஒண்ணு போட்டுடுங்க சார்" என்பதே பதிலாக வந்தது. ஏசி ஓட வேண்டுமானால் கதவைச் சாத்தியாக வேண்டும். பிறகு உள்ளும் வெளியும் எங்கே இணைவது? தாழ இறங்கும் ஓட்டுக்கூரையோடு ஓர் ஆழமான தாழ்வாரம் இருந்திருந்தால் பெரும்பகுதி வெயில் அங்கேயே நின்றிருக்கும். அதைப் போட்டால் எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம், கெட்டுவிடும் என்று மறுத்தவர்களும் அவர்களே.

அடுத்தது தரைமட்டம். வெளித்தளம் உள்தளத்தைவிடக் குறைந்தது ஓரிரு அங்குலமாவது தாழ்ந்து, வாட்டம் (தளத்தின் சரிவு) தோட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில்தான் வேண்டுமென்றால் கதவை ஒட்டி, மேலே கம்பிச்சட்டம் மூடிய நீர்க்கால்வாய் கட்டாயம். எங்களுக்குக் கால்வாயும் இல்லை, வாட்டமும் தலைகீழ்: வெளியே வைத்த கோலிக்குண்டு தானாகக் கதவுப் பக்கம் உருண்டு வந்தது. கதவின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேற விடும் சிறு துளைகளைக்கூட சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள். முதல் கோடை இடிமழையிலேயே அந்தச் சட்டம் நிரம்பி, வேப்பம்பூவும் சருகும் மிதந்துகொண்டே தண்ணீர் ஹாலுக்குள் இறங்கியது, சோபாவின் அடிப்பலகை ஊறி உப்பியது.

இவற்றைத் திறமைக்குறைவு என்றாவது சொல்லலாம், கண்ணாடி விஷயத்தில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டில் 10 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடி என்று எழுதி அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சக்கரம் சிக்கிய ஒரு கதவைக் கழற்ற ராணிப்பேட்டையிலிருந்து வந்த அலுமினிய வேலைக்காரர், சட்டத்திலிருந்து விடுபட்ட விளிம்பில் அளவுக்கருவியை வைத்துக் காட்டினார்: 6 மி.மீ., அதுவும் சாதாரணக் கண்ணாடி. டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும், சாதாரணக் கண்ணாடியோ கத்தி போன்ற நீளச் சில்லுகளாகப் பிளக்கும். அதன்மீது சாய்ந்துதான் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தன்னை ஆர்க்கிடெக்ட் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தவர், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவேட்டில் இல்லை. வீட்டுக்குப் பிளான் போடப் பிறரும் முன்வரலாம், ஆனால் 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவெண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இப்போது வேறொரு மேஸ்திரியை வைத்து வெளித்தளத்தை உடைத்து, 2 அங்குலம் இறக்கி, வாட்டத்தை மாற்றி, கால்வாய் போட்டிருக்கிறோம். மேற்கே தாழ்வாரம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதுவரை மூங்கில் தட்டிதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவையாகவே வருகிறது, குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எஸ்டிமேட், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தளத்தை உடைக்கும் முன் எடுத்த படங்கள், கழற்றிய கண்ணாடி எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். நோட்டீஸுக்குப் பதிலாக, மீதித் தொகையைக் கட்டினால்தான் பேசுவோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதே போன்ற கதவை அண்மையில் போட்டவர்கள், டஃபன்ட் என்று அழிக்க முடியாதபடி பொறித்த முத்திரை கண்ணாடியின் மூலையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், போட்டவரை அழைத்துச் சட்டத்தைக் கழற்றிக் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.