மோதிரத்துக்கு முன்னா, பின்னா: ஹாபிட் படங்களை எப்போது பார்ப்பது?

பீட்டர் ஜாக்சன் இயக்கிய, மிடில் எர்த் என்ற கற்பனை உலகில் நடக்கும் ஆறு படங்களையும் புதியவர் ஒருவருக்குக் காட்டுவதென்றால் எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் வீட்டில் இரண்டு விதமாகவும் விடை தேடிப் பார்த்தாகிவிட்டது. அக்காள் மகனுக்குப் பதினொரு வயது நடந்தபோது கதை நிகழும் வரிசையில் காட்டினேன். அதாவது 2012 முதல் 2014 வரை வெளிவந்த மூன்று ஹாபிட் படங்கள் முதலில், 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள் அடுத்து. இந்த மாதிரிப் படங்களின் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் மனைவிக்கு, மறு ஆண்டு, வெளிவந்த வரிசையிலேயே காட்டினேன். இரண்டாவது வழியே மேல் என்பது என் முடிவு. ஆனால் முதல் வழியில் பார்த்த சிறுவனின் முகத்தில் ஒரு காட்சியின்போது நான் கண்டதை மனைவியின் முகத்தில் காண முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நேரக் கணக்கில் வேறுபாடு ஏதுமில்லை. திரையரங்கில் வெளியான பதிப்புகளையே எடுத்துக்கொண்டால் ஹாபிட் மூன்றும் ஏறத்தாழ 8 மணி நேரம், மோதிரப் படங்கள் மூன்றும் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். எப்படி அடுக்கினாலும் நான்கைந்து விடுமுறை நாள்கள் போய்விடும். தோற்றத்தைப் பொறுத்தவரை, பின்னால் எடுத்த படத்தை முன்னால் பார்த்துவிட்டுப் பத்தாண்டு பழைய படத்துக்கு வருவது கண்ணை உறுத்தும் என்று நான் அஞ்சியதுண்டு. நடந்தது நேர்மாறு. மோதிரப் படங்களில் ஓர்க்குகள் என்ற அரக்க வீரர்கள் பெரும்பாலும் முகத்தில் ரப்பர் ஒட்டிய மனிதர்கள். ஹாபிட் படங்களில் வரும் ஓர்க்குத் தலைவன் அஸோக் முழுக்கக் கணினியில் பிறந்தவன். ‘இவனை விட அவர்கள்தான் நிஜமாகப் பயமுறுத்துகிறார்கள்’ என்று சிறுவனே சொன்னான். முதல் ஹாபிட் படம் நொடிக்கு 48 சட்டகங்கள் என்ற, வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் படமாக்கப்பட்டு, சில அரங்குகளில் அவ்வாறே திரையிடப்பட்டது. அந்த வடிவில் நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். நாடக மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்ததுபோல் இருந்தது என்பதற்கு மேல் அதை வைத்து எதையும் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். வீட்டுத் திரையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கதை வரிசைக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1937இல் வெளியிட்ட ஹாபிட் சிறுவர்களுக்கான கதை. பதின்மூன்று குள்ளர்கள் அழையா விருந்தாளிகளாக வந்து சமையலறையைக் காலி செய்வதும், மூன்று பூதங்கள் இரவுணவைப் பற்றிச் சண்டையிட்டபடியே விடிந்து கல்லாவதும் பதினொரு வயதுக்கென்றே அமைந்தவை. பெனடிக்ட் கம்பர்பேட்சின் குரலில் ஸ்மாக் என்ற டிராகன் பொற்குவியலைச் சரித்துக்கொண்டு எழும் காட்சியில் சிறுவன் சோபாவின் மேல் ஏறி நின்றுவிட்டான்.

அடுத்தது பாலின். கென் ஸ்டாட் நடித்த அந்த வெண்தாடிக் குள்ளர் மூன்று படங்களிலும், ஹாபிட் எனும் குட்டை இனத்தைச் சேர்ந்த கதாநாயகன் பில்போவிடம் மாறாத பரிவு காட்டுபவர். அவரோடு எட்டு மணி நேரம் பயணம் செய்தபின் மோதிரப் படங்களில் முதலாவதைப் பார்க்கும் ஒருவர், மோரியாச் சுரங்கத்துக்குள் மேலிருந்து விழும் ஒற்றை ஒளிக்கீற்றின் கீழே ஒரு கல்லறையைக் காண்கிறார். கல்வெட்டை மந்திரவாதி கேண்டால்ஃப் வாசிக்கிறார். “பாலின் தாத்தாவா மாமா?” என்று கேட்ட சிறுவன் அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுவதும் பேசவில்லை. 2001இல் அரங்கில் அதே காட்சியை நான் பார்த்தபோது அது எனக்கு ஒரு பெயர் மட்டுமே. இந்த ஓர் இடத்தில் கதை வரிசை வென்றது, மறுக்க வழியில்லை.

ஆனாலும் நான் மறுபக்கம் சாய்வதற்குக் காரணம், முதல் ஹாபிட் படத்தில் பில்போ ஒருவரைக் கொல்லாமல் விடும் அந்தச் சில நொடிகள்தாம். குகைக்குள் விடுகதைப் போட்டி முடிந்துவிட்டது. அணிபவரை மறைய வைக்கும் மோதிரம் பில்போவின் விரலில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நிலையில் அவர் வாளை ஓங்கி நிற்க, வெளியேறும் வழியை மறித்துக்கொண்டு, அந்த மோதிரத்தைத் தொலைத்த கொல்லம் என்ற குகைவாசி எதிரே நிற்கிறான். ஒரு வெட்டில் முடிந்துவிடும். கேமரா கொல்லத்தின் முகத்துக்குப் போகிறது, இழந்ததைத் தேடும் அந்தப் பெரிய கண்களைப் பார்த்து பில்போவாக நடிக்கும் மார்ட்டின் ஃப்ரீமனின் கை தயங்குகிறது, வாள் தாழ்கிறது, அவனைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார். இதற்குச் சற்று முன்புதான், உண்மையான துணிவு உயிரை எடுப்பதில் இல்லை, எப்போது விட்டுவைப்பது என்று அறிவதில் இருக்கிறது என்ற பொருளில் கேண்டால்ஃப் அவரிடம் பேசியிருப்பார்.

கதை வரிசையில் பார்த்த சிறுவனுக்கு இது ஒரு தப்பித்தல் மட்டுமே. பாவம் என்று விட்டுவிட்டார், சரி, அடுத்து என்ன என்ற அளவில் நகர்ந்துவிட்டான். மோதிரமும் அவனுக்கு மறைந்துகொள்ள உதவும் ஒரு விளையாட்டுச் சாமான்தான். அது என்ன செய்யும் என்று கேட்டான், “மறைய வைக்கும்” என்று நான் சொன்னேன், அதற்கு மேல் சொன்னால் பின்வரும் படங்கள் கெட்டுவிடும். அப்படி மறைத்து மறைத்துப் பேச வேண்டியிருந்ததே எனக்கு முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மனைவி அந்தக் குகைக்கு வந்துசேர்ந்தபோது நிலைமை முற்றிலும் வேறு. பில்போ அன்றைக்கே கொல்லத்தைக் கொன்றிருக்கலாமே என்று, மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட பில்போவின் உறவினன் ஃப்ரோடோ மோரியாவில் நொந்துகொண்டதையும், பில்போவின் இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கக்கூடும் என்று கேண்டால்ஃப் விடையளித்ததையும் அவள் கேட்டிருந்தாள். மூன்றாவது மோதிரப் படத்தின் முடிவில், எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ மோதிரத்தை எறிய மறுக்க, அதைப் பிடுங்கிக்கொண்டு நெருப்பில் விழுந்து உலகைக் காப்பாற்றியது அதே கொல்லம்தான் என்பதையும் பார்த்திருந்தாள். ஆகவே பில்போவின் வாள் ஓங்கியபோது அவள் பார்த்தது ஒரு குகைச் சண்டையை அல்ல. அந்த வாள் இறங்கினால் பின்னால் நடக்கவிருக்கும் அத்தனையும் கெட்டுப்போகும் என்று அறிந்து, இறங்காது என்பதையும் அறிந்து, இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மோதிரத்துக்கென்று ஹாவர்ட் ஷோர் பழைய படங்களில் அமைத்த இசை அந்தக் குகையில் திரும்பக் கேட்பதும், அதை முன்பே கேட்டுப் பழகிய செவிக்குத்தான் எதையாவது சொல்லும்.

டோல்கீன் நூல்களையே அந்த வரிசையில்தானே எழுதினார், ஹாபிட் 1937, மோதிர நூல் 1954-55, ஆகவே முன்னதை முன்னால் பார்ப்பதுதானே இயல்பு என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த இரக்கக் காட்சியே கிடையாது. அதில் கொல்லம் மோதிரத்தைப் போட்டிக்குப் பரிசாகத் தருவதாகச் சொல்கிறான். தோற்றபின் அதைக் காணாமல் மன்னிப்புக் கேட்டு, ஈடாகப் பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டுகிறான். இருவரும் சண்டையின்றிப் பிரிகிறார்கள். பெரிய நூலை எழுதும்போது மோதிரம் உலகையே அழிக்கவல்ல ஒன்றாக வளர்ந்துவிட, அதைத் தன் உயிராகக் கருதுபவன் இப்படி நடந்துகொள்ள மாட்டான் என்பதால், அந்த அத்தியாயத்தை டோல்கீன் திருத்தி எழுதினார். 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கொல்லத்தின் வெறியும் பில்போவின் இரக்கமும் நுழைந்தன. பழைய வடிவம் என்னாயிற்று என்றால், அது பில்போ மற்றவர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சமாளித்துவிட்டார். ஆக, நாம் படத்தில் காணும் குகைக் காட்சி, பின்கதையை மனத்தில் வைத்துப் பின்னாலிருந்து எழுதப்பட்டது. அதைப் பின்கதை தெரிந்தே பார்ப்பதுதான் அதற்கு நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படங்களும் அதையே எதிர்பார்க்கின்றன. முதல் ஹாபிட் படம் கிழவர் பில்போவிடமிருந்தும் ஃப்ரோடோவிடமிருந்தும் தொடங்குகிறது. அன்று எந்தப் பிறந்தநாள், ஃப்ரோடோ எங்கே ஓடுகிறான் என்பது முந்தைய படம் பார்த்தவருக்கு மட்டுமே புன்னகை வரவழைக்கும். இரண்டாவது படத்தில் இருளிலிருந்து, மோதிரப் படங்களின் கொடிய எதிரியான ஸாரானின் உருவம் தீக்கண்ணாக விரியும்போது மனைவி முணுமுணுத்தாள், சிறுவனோ “யார் மாமா இது?” என்றான். அதே போல, பின்னாளில் துரோகியாகும் மந்திரவாதி ஸாருமான் நல்லவராக அவையில் வீற்றிருப்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் கசப்பும் வெளிவந்த வரிசைக்கே உரியது. இதில் ஒரு சிறு இடறலும் உண்டு: 2001ஆம் ஆண்டுப் படத்தின் முன்னுரையில் பில்போவாகக் குகைக்குள் மோதிரத்தைக் கண்டெடுப்பவர் இயன் ஹோம், 2012இல் அதே செயலைச் செய்பவர் ஃப்ரீமன். எந்த வரிசையில் பார்த்தாலும் இது இடிக்கும்.

என் வழியில் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கார் வென்ற ‘த ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ முடிந்த மறுவாரமே ஹாபிட் படங்களுக்கு வருவது, கல்யாண விருந்து உண்டவருக்கு மறுநாள் மிச்சத்தைச் சூடுபண்ணிப் போடுவதற்குச் சமம். ஒரு சிறு நூலை மூன்று படங்களாக இழுத்திருப்பது இந்த வரிசையில்தான் பளிச்சென்று தெரிகிறது. நூலில் இல்லாத எல்ஃப் இனப் பெண் டாரியலுக்கும் குள்ளன் கீலிக்கும் இடையிலான காதல், ஹாபிட் நூலில் இடம்பெறாத எல்ஃப் வில்வீரன் லெகோலாஸ் சரிந்து விழும் கற்களின் மேல் ஏறி ஓடுவது ஆகியவற்றைச் சிறுவன் ரசித்தான். மனைவி ஐந்து படைகளின் போருக்கு நடுவே தூங்கிவிட்டாள். இடையில் சில மாதம் விட்டிருந்தால் இவ்வளவு அலுப்பு வந்திருக்காதோ என்னவோ. அப்படிச் செய்து பார்க்கவில்லை. தவிர, இருவர் வயதும் ரசனையும் வேறு என்பதால் என் சோதனை அத்தனை கறாரானதும் அன்று.

பாலின் விஷயத்தில் மட்டும் எதிர்பாராத ஒன்று நடந்தது. முதல் ஹாபிட் படத்தில் ட்வாலின் என்ற குள்ளரை அடுத்து இரண்டாவதாகக் கதவைத் தட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு உள்ளே வரும் அவர் தம் பெயரைச் சொன்னதும், மனைவி படத்தை நிறுத்தச் சொன்னாள். “இவருடைய கல்லறையைத்தானே மோரியாவில் பார்த்தோம்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பின் அவர் சிரிக்கும்போதெல்லாம் அவள் சற்று அமைதியானாள். சிறுவனின் அதிர்ச்சிக்கு அது ஈடாகாது. ஆனால் அதைவிட நெடுநேரம் நீடித்தது.

அக்காளின் இளைய மகளுக்கு வரும் ஆண்டு பத்து வயது நிறைகிறது. அவளுக்கு 2001ஆம் ஆண்டுப் படத்தையே முதலில் எடுத்து வைத்திருக்கிறேன். “ஹாபிட்டில்தானே டிராகன் வரும், அதை முதலில் போடுங்கள் மாமா” என்று அண்ணன்காரன் அவளுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறான்.