நுண்கடன்: வசூலுக்குத் தடையா, வட்டிக்கு வரம்பா, தவணைக்கு வரம்பா?

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த இந்தியா மூன்று வழிகளைப் பார்த்துவிட்டது.

முதலாவது ஆந்திரத்தின் வழி. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தபோது, 2010 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் பதிவு கட்டாயம். வீட்டு வாசலில் வசூல் கூடாது. வாரத் தவணை போய் மாதத் தவணை. வட்டி அசலைத் தாண்டக் கூடாது. வாசலில் அதட்டல் அடங்கியது. கூடவே மக்கள் தவணை கட்டுவதும் நின்றது, புதுக் கடனும் நின்றது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது 2023-ல்தான்!

இரண்டாவது, நுண்கடன் துறையை ஆராய அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கையை ஒட்டி ரிசர்வ் வங்கி 2011-ல் போட்ட விதிகள். வட்டி உச்சவரம்பு 26 சதவீதம். ஒருவருக்கு இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10,000 ரூபாய்க் கடனுக்கும் 40,000 ரூபாய்க் கடனுக்கும் ஊழியர் அலைச்சல் ஒன்றுதான். வட்டியை மட்டும் அமுக்கினால் சின்னக் கடன்காரரும் தொலைதூர ஊரும்தான் முதலில் கழற்றிவிடப்படுவார்கள். தவிர, அந்த ‘இரண்டு’ கணக்கு வங்கிகளைத் தொடவில்லை. மூன்றாவது கடன் அந்த வழியாக வரலாம்.

மூன்றாவது, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வட்டி வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம், எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வங்கியோ நுண்கடன் நிறுவனமோ, எல்லாருக்கும் ஒரே விதி. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது.

என் ஓட்டு இதற்குத்தான். கடன்காரரை நசுக்குவது பெரும்பாலும் ஒரு கடனின் வட்டியல்ல, ஒரே வாரத்தில் வந்து நிற்கும் நாலைந்து தவணை. ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத வீட்டின் வருமானத்தை எழுதுவது யார்? கடன் கொடுப்பவரேதான். 15,000 வரும் வீட்டுக்கு 20,000 என்று எழுதினால், 7,500 ஆக இருக்க வேண்டிய தவணை 10,000 வரை போகலாம். கந்துவட்டியும் கைமாற்றும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வரம்பை எடுத்ததும் வட்டியும் சில இடங்களில் எகிறியது. 2024 அக்டோபரில் 4 நிறுவனங்கள் புதுக் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கியே நிறுத்தி வைத்தது.

எழுதிய வருமானத்தை, யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே தொகையை, கடன் விவரம் எழுதிக் கொடுக்கும் அட்டையிலும் தமிழில், தெலுங்கில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லலாம். ‘எங்க வீட்டுக்கு இவ்வளவா வருது?’ என்று கேட்க, கடன் வாங்கிய பெண்ணுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கும்.