மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கினேன், தொட்டி ஈ போச்சா?

ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்த தொல்லை இது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு, வராண்டாவில் பதினாலு செடித் தொட்டி, ஹாலில் நாலு. ஒரு நாள் சாயங்காலம் மூக்குக்கு முன்னாலேயே குட்டிக் குட்டியாகக் கறுப்பு ஈ சுற்ற ஆரம்பித்தது. கொசு என்று நினைத்து, கொசு அடிக்கும் பேட்டை எடுத்து வீசினோம். ஆனால் அது கடிக்கவே இல்லை, காபி டம்ளரில் விழுந்ததுதான் மிச்சம். மணி பிளான்ட் தொட்டியை ஒரு தட்டு தட்டினதும் பத்துப் பதினைந்து ஒன்றாகக் கிளம்பியது, அப்போதுதான் இது தொட்டி மண்ணிலேயே பிறந்து வளர்கிற ஈ என்று புரிந்தது. பங்கஸ் நாட் என்று தேடினால் இதன் படம் வரும்.

சேலம் ரோட்டில் நாங்கள் வழக்கமாக வேப்பம் புண்ணாக்கு வாங்கும் உரக்கடைக்குப் போய் "ஈ பிடிக்கிற பொறி ஏதாவது இருக்காண்ணா" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, மாந்தோப்பில் தொங்கவிடும் பழ ஈப் பொறியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். நம்ம ஊரில் ஈ என்றால் மாங்காயைச் சொத்தையாக்குகிற ஈதானே, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதில் இருக்கும் மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் பழ ஈதான் வரும், தொட்டி ஈ திரும்பிக்கூடப் பார்க்காது. விஷயத்தைச் சொன்னதும் மஞ்சள் ஒட்டு அட்டையைக் கொடுத்தார். பக்கத்திலேயே நீல அட்டையும் இருந்தது. அது இலைப்பேனுக்கு, குடைமிளகாய் போடுகிறவர்கள் வாங்குவது, நமக்கு வேண்டாம்.

பத்து அட்டை 150 ரூபாய். இரண்டு பக்கமும் பசை. நல்ல பசைதான், இதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கி அது வரும்போதே காய்ந்துபோய் வெறும் மஞ்சள் காகிதமாக வந்தது, அதோடு பார்த்தால் இது தங்கம். ஒரு அட்டையை நாலாக வெட்டி, ஈர்க்குச்சியில் குத்தி மண்ணை ஒட்டினாற்போல வைத்தேன். முதலில் செடிக்கு மேலே உயரத்தில் கட்டிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை, இந்த ஈக்குப் பறக்கவே சரியாக வராது, மண்ணோடு மண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். கீழே இறக்கி வைத்த இரண்டாம் நாளே அட்டையில் எள்ளைக் கொட்டினமாதிரி இருந்தது.

அதைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டதாக நினைத்ததுதான் தப்பு. பத்து நாள் கழித்தும் அதே அளவு ஈ. அட்டை பிடிப்பது பறக்கிற ஈயை மட்டும். அது எப்படியும் ஒரு வாரத்தில் சாகப்போகிறது, அதற்குள் ஒரு பெண் ஈ நூறு, இருநூறு முட்டை வைத்துவிடும். செடிக்குக் கெடுதல் செய்வது மண்ணுக்குள் இருக்கிற புழு, கண்ணாடி மாதிரி உடம்பு, கறுப்புத் தலை. அழுகினதையும் பூஞ்சையையும் தின்னும், அப்புறம் இளம் வேரையும் கடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எனக்கு ஸ்நேக் பிளான்ட் தொட்டியில் ஏழெட்டு நெளிந்தது. அந்தச் செடிக்கு அம்மா தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

புழுவைக் கொல்ல பி.டி.ஐ என்று ஒரு பாக்டீரியா மருந்து இருப்பதாகக் கேள்விப்பட்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைப்பையன் பி.டி என்று ஒரு பாட்டில் கொடுத்தான், நல்லவேளை லேபிளைப் படித்தேன், குர்ஸ்டாகி என்ற வேறு வகை என்று இருந்தது. அது முட்டைக்கோஸ் புழுவுக்கானது, இதற்கு வேலை செய்யாது. நமக்கு வேண்டியது இஸ்ரேலென்சிஸ் வகை, பி.டி.ஐ-யில் கடைசியில் வரும் ஐ அதுதான், கொசுப்புழுவைக் கொல்ல சாக்கடையில் ஊற்றுகிற அதே சமாச்சாரம். அந்தக் கடையில் இல்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். லிட்டருக்கு 5 மில்லி கலந்து வாரம் ஒருமுறை என்று நாலு வாரம் ஊற்றினேன். முட்டையிலிருந்து ஈயாக மூன்று, நாலு வாரம் ஆகும், ஒரே தடவை ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டக்கூடாது. கூடவே தண்ணீரைக் குறைத்தோம். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் ஊற்றுவது. தென்னைநார்க் கலவை மேலே காய்ந்தமாதிரி காட்டும், உள்ளே சொதசொதவென்று இருக்கும், ஏமாறாதீர்கள். தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிட்டோம்.

மூன்றாவது வாரம் புதிதாக வைத்த அட்டையில் ஐந்தாறு ஈதான். ஐந்தாவது வாரம் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் இந்த அட்டையின் உண்மையான உபயோகம் இதுதான், ஈ குறைகிறதா இல்லையா என்று கணக்குக் காட்டும். அதற்கு 15 ரூபாய் அட்டை தாராளம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைத்ததில் அரை மார்க் பல்லிக்காக. ஒரு குட்டிப் பல்லி வராண்டா அட்டையில் ஒட்டிக்கொண்டு துடித்தது, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி விடுவிக்க அரை மணி நேரம் ஆச்சு. பல்லி நடமாட்டம் இருக்கிற சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள்.

மீதி மூன்று அட்டையை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன், அவர் வீட்டிலும் இதே ஈ. நேற்றுப் போய்ப் பார்த்தால், கொசுவுக்கும் ஆகும் என்று கட்டிலுக்கு மேலே ஃபேன் காற்றில் ஆடவிட்டிருக்கிறார்.